மலைச் சாலைக்கு எந்த டயர்?
மாட்டுப்பட்டிப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் கவனத்துக்கு

மூணாறிலிருந்து 13 கி.மீ. தூரத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாட்டுப்பட்டி. 1953-ல் கட்டப்பட்ட அணையும், 1963-ல் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு தொடங்கிய கால்நடைப் பண்ணையும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அணையைத் தாண்டினால் குண்டளை, எல்லப்பட்டி, டாப் ஸ்டேஷன், வட்டவடை என்று சாலை ஏறி இறங்கிச் செல்கிறது. இருபுறமும் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். லயங்களில் பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சாலையில் போக வேண்டுமானால் பஸ்ஸுக்கோ ஜீப்புக்கோ காத்துக் கிடக்க வேண்டும். இன்று லயத்துக்கு லயம் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பாக்டரி வேலைக்கும், ஆபீஸ் வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும் அதுவே வாகனம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொச்சி, கோவை, பெங்களூர் பக்கமிருந்து பெரிய பெரிய வண்டிகளும் வந்து சேருகின்றன. வேகத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட 'ஸ்போர்ட் டூரிங்' வண்டிகள் அவை.

லட்சக்கணக்கில் விலை கொடுத்த வண்டியாக இருந்தாலும் சரி, தவணையில் வாங்கிய நூறு சி.சி. வண்டியாக இருந்தாலும் சரி, மழை பெய்து நனைந்த வளைவில் இரண்டுக்கும் ஒரே நியாயம்தான். டயர் பிடித்தால் வண்டி நிற்கும். பிடிக்காவிட்டால் வண்டி பள்ளத்தைப் பார்க்கும்.

ஆகவே பழைய டயரை எப்போது கழற்றுவது, புதிதாக எந்த டயரைப் போடுவது என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்னை அல்ல. தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

உள்ளங்கை அளவு இடம்

ஓடுகிற மோட்டார் சைக்கிள் தரையைத் தொடுவது இரண்டே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், ஏற்றத்தில் இழுப்பதும் இந்த இரண்டு உள்ளங்கைகளின் பலத்தில்தான்.

டயரில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அல்ல. நனைந்த சாலையில் டயருக்கும் தாருக்கும் நடுவே வந்து சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. பள்ளம் தேய்ந்து போனால் தண்ணீர் வெளியேற வழியில்லை. டயர் தாரைத் தொடாமல் தண்ணீரின் மேல் வழுக்கும்.

மாட்டுப்பட்டிச் சாலையில் தண்ணீர் மட்டுமா? பாசி, ஈர இலைகள், தோட்டத்திலிருந்து வழிந்து வரும் சேறு, வளைவில் பஸ்ஸும் லாரியும் சிந்திவிட்டுப் போன டீசல் என்று எல்லாம் சேர்ந்திருக்கும். ஜனவரி மாதக் காலைகளில் சில நாள் புல்லின் மேல் உறைபனி படிந்து கிடக்கும். போதாதற்கு, 'படையப்பா' என்று ஊரார் பெயர் சூட்டியிருக்கும் ஒற்றைக் காட்டு யானை எந்த வளைவுக்கு அப்பால் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டிய சாலை இது.

எப்போது மாற்றுவது?

இரு சக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. இது சட்டம் போட்டிருக்கும் கடைசி எல்லை. மழை மலையில் அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. பள்ளம் 2 மி.மீ. அளவுக்கு வந்ததும் புதிய டயருக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

அளந்து பார்க்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு தீக்குச்சியின் கனம் சுமார் 2 மி.மீ. அதைப் பள்ளத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். குச்சி உள்ளே அடங்கினால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். குச்சி மேலே துருத்திக்கொண்டு நின்றால் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

தேய்மானம் மட்டும் கணக்கு அல்ல. பக்கவாட்டில் வெடிப்பு, ஓரிடத்தில் வீக்கம், உள் நூல் தெரிவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயர் உதவாது.

டயரே பேசும்

புதிய டயர் வாங்கப் போகிறவர் கடைக்காரரைக் கேட்பதற்கு முன் பழைய டயரைப் படிக்க வேண்டும். உதாரணமாக 100/90-17 55 பி என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 100 மி.மீ. என்று அர்த்தம். உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அடுத்து வரும் 55 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 218 கிலோ வரை தாங்கும். 50 என்று இருந்தால் 190 கிலோ. 57 என்று இருந்தால் 230 கிலோ. கடைசி எழுத்து வேகத்துக்கு. பி என்றால் மணிக்கு 150 கி.மீ. வரை. ஜே என்றால் 100. எல் என்றால் 120.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது வேகத்தைவிடச் சுமையைத்தான். வண்டியின் எடை 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து 130. பை, மூட்டை 20. மொத்தம் 300 கிலோ. அதில் பாதிக்கு மேல் பின் டயரின் தலையில்தான் விழும். நடுவில் ஒரு பிள்ளையையும் உட்கார வைத்தால் கணக்கு இன்னும் ஏறும். முன்பு இருந்ததைவிடக் குறைந்த சுமைக் குறியீடு உள்ள டயரை, நூறு இருநூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக வாங்குவது ஆபத்து.

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அது டயரின் பிறந்த தேதி. 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். ரப்பருக்கு வயதானால் இறுகிப் போகும், பிடிப்பு குறையும். கடை வாசலில் வெயிலில் வருஷக்கணக்கில் தொங்கிய டயர் பளபளப்பாக இருந்தாலும் புதியது ஆகாது. ஓடத் தொடங்கி ஐந்தாண்டு ஆன டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பதும், பத்தாண்டுக்கு மேல் எந்த டயரையும் வைத்திருக்கக் கூடாது என்பதும் டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் யோசனை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். பில் கேட்டு வாங்குவதும் அவசியம். டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில் கையில் இருந்தால் எவ்வளவு வரி போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். பின்னால் குறை ஏதும் கண்டால் கேட்கவும் முடியும்.

தடித்த டயர் மோகம்

இளைஞர்களிடையே ஒரு மோகம் இருக்கிறது. கம்பெனி போட்டுக் கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு அதைவிட அகலமான டயரைப் பின்னால் மாட்டுவது. பார்ப்பதற்குப் பெரிய வண்டி போலத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இருபுறமும் நெருக்கப்பட்டு டயரின் வடிவமே மாறிவிடும். தரையைத் தொடும் இடம் கூடுவதற்குப் பதிலாகக் குறையக்கூடும். வளைவில் வண்டி சட்டென்று சாயாது. செயின் உரசும். பெட்ரோல் அதிகம் பிடிக்கும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக்குடன்தான் வருகின்றன. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்து வேலை செய்யும் ஏற்பாடு அது. டயரின் சுற்றளவு மாறினால் அந்தக் கணக்கு பிசகலாம். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று மொட்டை டயரில் ஓட்டுவதும் தவறு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

வண்டிக் கம்பெனி சொன்ன அளவு, சொன்ன சுமைக் குறியீடு. இதிலிருந்து விலகாமல் இருப்பதே உத்தமம்.

எந்த ரகம்?

அளவு தெரிந்துவிட்டது. அடுத்து ரகம். பெரிய வண்டிக்காரர்கள் இதற்காக நாள் கணக்கில் யோசிக்கிறார்கள். 180/55 ஆர் 17 போன்ற பின் டயர் ஒன்றின் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுவதால் யோசிக்காமலும் முடியாது. அவர்களுடைய யோசனையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

பந்தய டயரின் ரப்பர் மிருதுவானது. நன்றாகச் சூடேறிய பிறகு கோந்து போல ஒட்டும். ஆனால் மூணாறு குளிரில் அது லேசில் சூடேறாது. சீக்கிரம் தேய்ந்தும் போகும். இதற்கு நேர் எதிராக, நீண்ட ஆயுளுக்கென்றே தயாரித்த டயரின் ரப்பர் கடினமானது. பல ஆயிரம் கி.மீ. ஓடும். ஈரத்தில் அதன் பிடிப்பு குறைவு.

இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் ஸ்போர்ட் டூரிங் டயர். நேர்ச் சாலையில் தேய்கிற நடுப்பகுதிக்குக் கடின ரப்பர். வளைவில் சாயும்போது தரையைத் தொடும் ஓரங்களுக்கு மிருதுவான ரப்பர் என்று ஒரே டயரில் இரண்டு கலவைகளைப் பயன்படுத்தும் முறையும் இதில் உண்டு. ரப்பரோடு சிலிக்கா என்ற பொருளைக் கலப்பதால் குளிரிலும் ஈரத்திலும் பிடிப்பு கூடுகிறது.

சிறிய வண்டிக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். 'எத்தனை கி.மீ. ஓடும்?' என்பது நம்மில் பலரும் கடையில் கேட்கும் முதல் கேள்வி. மலையில் வசிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, 'மழையில் எப்படிப் பிடிக்கும்?' என்பது. நடுவில் பள்ளம் இல்லாத வழுவழுப்பான டிசைனைத் தவிர்த்து, நடுவிலிருந்து ஓரம்வரை தண்ணீர் ஓட வழி உள்ள டிசைனைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டாயிரம் கி.மீ. குறைவாக ஓடினாலும் நஷ்டமில்லை. ஒரு முறை விழுந்து கை ஒடிந்தால் போகும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அந்த இரண்டாயிரம் கி.மீ. ஒன்றுமே இல்லை.

சிலர் மண் பாதைக்கான பெரிய பட்டன் டயரை ஆசைக்காகப் போட்டுக்கொள்கிறார்கள். தோட்டத்து மண் வழியில் தினமும் போகிறவர்களுக்கு அது சரி. நனைந்த தார்ச் சாலையில் பட்டன்களின் முனை மட்டும் தரையைத் தொடுவதால் பிடிப்பு குறைவு என்பதை மறக்கக் கூடாது.

'எந்தக் கம்பெனி?'

கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. சொல்லப் போனால் டயர் நமக்கு அன்னியப் பொருளே அல்ல. இந்தியாவில் வியாபார ரீதியில் ரப்பர் பயிரிடத் தொடங்கியது 1902-ல், மூணாறு மலையின் அடிவாரத்தில் கோதமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள தட்டேக்காட்டில். மலைக்குக் கீழே ரப்பர், மேலே தேயிலை என்பது இந்த ஜில்லாக்களின் பழைய கணக்கு.

மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆயிற்று. அதே திருவொற்றியூரில்தான் என்பீல்டு புல்லட்டும் தயாராயிற்று. அப்போலோ கம்பெனியின் முதல் தொழிற்சாலை 1977-ல் கேரளத்தில் பேராம்பிராவில் அமைந்தது. டி.வி.எஸ். குடும்பத்தின் ஸ்ரீசக்ரா டயர் மதுரையில் தயாராகிறது.

ஆகவே கம்பெனிப் பெயரைப் பார்த்து மயங்கவோ பயப்படவோ வேண்டியதில்லை. பெயருள்ள எந்தக் கம்பெனியானாலும் ஒவ்வொன்றும் மலிவு ரகமும் செய்கிறது, உயர்ந்த ரகமும் செய்கிறது. அளவு, சுமை, தேதி, டிசைன் ஆகிய நான்கும் பொருந்தினால் போதும்.

முன் டயரை மறவாதீர்கள்

பின் டயர் சீக்கிரம் தேயும். முன் டயர் மெதுவாகத் தேயும். இதனால் பின் டயரை இரண்டு முறை மாற்றியவரும் முன் டயரைத் தொடாமல் ஓட்டுவது சகஜம். சமவெளியில் எப்படியோ, மலையில் இது கூடாது. மாட்டுப்பட்டியிலிருந்து மூணாறுக்கு இறங்கும்போது பிரேக் பிடித்தால் பாரம் முழுவதும் முன்னால் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் டயருக்குத்தான். பின் டயர் வழுக்கினால் சமாளித்துவிட்டவர்கள் உண்டு. முன் டயர் வழுக்கினால் சமாளிப்பது அபூர்வம்.

முன்னால் ஒரு ஜாதி, பின்னால் ஒரு ஜாதி என்று ரேடியலையும் சாதாரண நைலான் டயரையும் கலந்து போடுவதும் வேண்டாம். டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையை நோக்கி அது இருக்கிறதா என்று மாட்டி முடித்ததும் பார்த்துவிட வேண்டும்.

புதிய டயர் முதல் 150 கி.மீ. வரை வழவழப்பாக இருக்கும். கடையிலிருந்து நேரே மலை ஏறுகிறவர் அன்றைக்கு வேகத்தைக் குறைத்து, வளைவில் அதிகம் சாய்க்காமல் ஓட்ட வேண்டும்.

காற்றுக் கணக்கு

நல்ல டயரும் காற்று குறைந்தால் கெட்ட டயர்தான். போடி சமவெளியில் வெயில் நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டு மூணாறு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். 10 டிகிரி குளிர்ந்தால் டயரில் ஒன்றரை பவுண்டு அளவுக்குக் காற்றழுத்தம் குறையும். உயரம் ஏறுவதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, அந்த நஷ்டத்தில் ஒரு பகுதி ஈடாகிவிடும். ஆனாலும் இரவுக் குளிருக்குப் பிறகு காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன், ஒரு முறை அளந்து பார்ப்பதே நம்பகமானது. ஓடிச் சூடான டயரை அளந்தால் அதிகமாகக் காட்டும். இருவர் செல்லும்போது பின் டயருக்கு எவ்வளவு வேண்டும் என்பது வண்டிப் புத்தகத்தில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும்.

அலாய் சக்கரம் உள்ளவர்களுக்கு ட்யூப்லெஸ் டயர் வசதி. ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். ட்யூப் உள்ள டயரில் காற்று ஒரேயடியாகப் போய்விடக்கூடும். சாதாரண ஸ்போக்ஸ் சக்கரத்துக்கு ட்யூப் இல்லாமல் முடியாது. அப்படிப்பட்டவர்கள் டயர் மாற்றும்போது ட்யூபையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

பழைய டயர் வேண்டாம்

'பாதி விலை' என்று சொல்லிப் பழைய டயரையும், தேய்ந்த டயரில் கத்தியால் மறுபடி பள்ளம் வெட்டியதையும், மேலே புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரையும் விற்பவர்கள் எங்கும் உண்டு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ரீட்ரெட் போடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர். ஒன்று போனால் மற்றொன்று தாங்கும். மோட்டார் சைக்கிளுக்கு மொத்தமே இரண்டு டயர்தான். வெட்டிய டயரிலோ நூலுக்கு மேலே மிச்சமிருந்த ரப்பரும் போய்விடுகிறது. இந்தச் சிக்கனம் வேண்டாம்.

தீபாவளிக்கு முன்னே

தென்மேற்குப் பருவமழை ஜூனில் மூணாறு பக்கம் கொட்டத் தொடங்கும். மலைக்கு மறுபுறம் மறையூர் அப்போதும் வறண்டு கிடக்கும். அங்கே சரியாக ஓடிய டயர் இங்கே ஏன் வழுக்குகிறது என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. ஐப்பசி பிறந்தால் நிலைமை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுப் பக்கச் சரிவில் பெய்யும். அதே நாட்களில்தான் தீபாவளிக்காக நம்மவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

பூப்பாறை வழியாகப் போடிமெட்டு வந்து, அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். முன்னால் துணிப் பை, நடுவில் பிள்ளை, பின்னால் மனைவி, கையில் பலகாரத் தூக்கு. பிரேக் முழுவதும் முன் டயரில். கீழே வரை இறக்கம்.

போனஸ் பணம் வருகிற சமயமும் அதுதான். துணி எடுக்கக் கடைக்குப் போவதற்கு முன், ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். முன் டயர், பின் டயர் இரண்டிலும் குச்சி அடங்கினால் துணிக் கடைக்குப் போகலாம். அடங்காவிட்டால் முதல் செலவு டயருக்கு. இந்தத் தீபாவளிக்கு ஒரு சட்டை குறைந்தால் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டார் எதிர்பார்த்திருப்பது நல்லபடியாக வந்து சேருவதைத்தான்.